ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளையும் எஸ்.பி.எம். சோதனையும்



சோதனை மாதம் நெருங்கினால் நம் வீடுகளில் பேச்சே மாறிவிடும். "டிவியை அடை", "போனை அங்கிட்டு வை", "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாரு" என்ற சத்தம் அஞ்சடி வரைக்கும் கேட்கும். நாலு சத்தம் போட்டால் பெரும்பாலான பிள்ளைகள் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துவிடுவார்கள். சில பிள்ளைகளோ உட்கார்ந்த பத்தாவது நிமிடம் எழுந்துவிடுவார்கள். பென்சில் சீவப் போவார்கள். தண்ணி குடிக்கப் போவார்கள். வாசலில் மோட்டார் சைக்கிள் போனால் பார்வை அதன் பின்னாலேயே போய்விடும். "மண்டையில மூளை இருக்கு, ஆனா படிக்கத்தான் மனசு இல்ல" என்று வீட்டில் சொல்வார்கள். பள்ளியில் "சோம்பேறி" என்பார்கள். நாளடைவில் அந்தப் பிள்ளையும் தன்னைப் பற்றி அப்படியே நம்பிவிடும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு உண்மையிலேயே ஒரு குறைபாடு இருக்கலாம். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று சொல்லலாம். இந்தக் குறைபாடு உள்ள பிள்ளை எப்படிப் படிக்கலாம், சோதனைப் பயத்தை எப்படிச் சமாளிக்கலாம், வீட்டார் என்ன செய்யலாம் என்பதே இன்றைய பாடம். தோட்டத்தில் இருப்பவர்களுக்கும், தோட்டத்தை விட்டு சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கம் தாமான் வீடுகளுக்குக் குடி வந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

இது என்ன குறைபாடு?

இது இன்று நேற்று முளைத்த சங்கதி அல்ல. 1902-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவுக்குக் குறைவில்லாமலும் அடக்கி உட்கார முடியாமலும் இருந்த பிள்ளைகளைப் பற்றி லண்டனில் விரிவுரை செய்தார். உலகம் முழுவதும் எடுத்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது இருக்கிறது. 30 பேர் படிக்கும் வகுப்பில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் மூன்று வகை உண்டு. முதல் வகைப் பிள்ளைக்குக் கவனம் நிற்காது. பொருளைத் தொலைக்கும், சொன்னதை மறக்கும், தொடங்கிய வேலையைப் பாதியில் விடும். இரண்டாம் வகைப் பிள்ளை ஓயாமல் ஆடும், கேள்வி முடியும் முன்னே பதில் சொல்லும், தன் முறை வரும் வரை பொறுக்காது. மூன்றாம் வகையில் இரண்டும் கலந்திருக்கும். பெண் பிள்ளைகளிடம் முதல் வகைதான் அதிகம் காணப்படுகிறது. அவர்கள் சத்தம் போடாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. "அமைதியான பொண்ணு, ஆனா மக்கு" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

குறும்பு செய்யும் பிள்ளைக்கெல்லாம் இந்தக் குறைபாடு என்று எண்ணிவிடாதீர்கள். மருத்துவர்கள் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள். அடையாளங்கள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் என்றில்லாமல், இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பிள்ளையின் படிப்பையோ பழக்கத்தையோ அது கெடுக்க வேண்டும். இரத்தம் எடுத்தோ படம் பிடித்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதைக் கேட்டு, பிள்ளையோடு பேசிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

எதனால் வருகிறது?

பெரும்பாலும் பரம்பரையாக வருகிறது. தகப்பனுக்கோ தாய்க்கோ இதே குணம் சிறு வயதில் இருந்திருக்கலாம். மூளையில் கவனத்தைப் பிடித்து நிறுத்துவதும், ஆசையை அடக்குவதும், வேலையை வரிசைப்படுத்துவதுமான பகுதிகள் இவர்களுக்குச் சற்று வேறு விதமாக வேலை செய்கின்றன. வளர்ப்புக் குறை இதற்குக் காரணம் இல்லை. சீனி தின்றதால் வந்ததும் இல்லை. காத்து கருப்பு அடித்ததும் இல்லை. தாய் வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டதால் வந்ததும் இல்லை. ஆகவே தாய்மார்களே, அந்தப் பாரத்தை இன்றே இறக்கி வையுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "ரெண்டு மணி நேரம் போன்ல விளையாடுறான், புத்தகம்னா மட்டும் முடியலையா?" என்று பலர் கேட்கிறார்கள். விளையாட்டில் நொடிக்கு நொடி வெற்றியோ தோல்வியோ கிடைக்கிறது, அது கவனத்தைத் தானே இழுத்துப் பிடிக்கும். வரலாற்றுப் புத்தகத்தின் பலன் பல மாதம் கழித்துத்தான் வரும். அவ்வளவு தூரத்தில் உள்ள பலனுக்காக இப்போது உட்காருவதுதான் இந்தப் பிள்ளைகளுக்குக் கடினம்.

சோதனை ஏன் இவர்களுக்கு இரட்டைச் சுமை?

இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகள் பெரிய அரசாங்கச் சோதனை எதையும் எழுதாமல் அங்கே வந்து சேர்ந்தவர்கள். யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் எடுக்கப்பட்டது, பி.டி.3 2022-இல் எடுக்கப்பட்டது. ஆகவே இவர்கள் பார்க்கும் முதல் பெரிய சோதனை எஸ்.பி.எம். தான். ஒன்பது பத்துப் பாடம், பல வாரம் நீளும் தாள்கள், இரண்டு ஆண்டுப் படிப்பு. மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறினால்தான் சான்றிதழ் கிடைக்கும். தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைக்கு மொழியும் மாறியிருக்கும். திட்டமிடுவதும், நினைவில் வைப்பதும், நேரம் பார்ப்பதும்தான் இந்தச் சோதனைக்கு வேண்டும். அவை மூன்றும்தான் இந்தப் பிள்ளைக்குக் குறைவு.

கொஞ்சம் பயம் நல்லதே, அது நம்மை எழுப்பி உட்கார வைக்கும். பயம் அளவுக்கு மீறினால் மூளை பாடத்தை விட்டுவிட்டுப் பயத்தையே கவனிக்கத் தொடங்கும். படித்ததெல்லாம் மண்டபத்தில் மறந்து போவது இதனால்தான்.

தம்பி, தங்கச்சிகளே, இனி உங்களிடம்

உங்கள் அப்பா வெட்டுக்காட்டுக்குப் போனால் 400, 500 மரத்தையும் ஒரே பார்வையில் பார்த்து மலைத்து நிற்பதில்லை. ஒரு மரம், அடுத்த மரம் என்று நிரை முடிப்பார். படிப்பையும் அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

1. சிறு துண்டாக நறுக்குங்கள். "இன்னிக்கு வரலாறு படிக்கணும்" என்றால் மூளைக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. "மூன்றாம் பாடத்தில் இரண்டு பக்கம்" என்று எழுதிக்கொள்ளுங்கள். கடிகாரம் வைத்து 15 அல்லது 20 நிமிடம் படித்து, 5 நிமிடம் எழுந்து நடங்கள். இப்படி நாலு சுற்று முடிந்தால் அரை மணி ஓய்வு. இருபது நிமிடம் முடியவில்லையென்றால் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். வெட்கமில்லை.

2. புத்தகத்தை மூடிச் சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்தது போலத் தோன்றும், ஆனால் தங்காது. ஒரு பக்கம் வாசித்ததும் மூடிவிட்டு, நினைவில் உள்ளதை வெறும் தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து விட்டுப் போனதை மட்டும் பாருங்கள். பழைய சோதனைத் தாள்களைச் செய்வதும் இதே வகைதான்.

3. ஒரே நாளில் கொட்டாதீர்கள். 1885-இல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், படித்தது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்று தம்மையே சோதித்து அளந்து எழுதினார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் மறதி குறையும். இன்று படித்ததை நாளை ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

4. மனசை நம்பாதீர்கள், சுவரை நம்புங்கள். எந்த நாள் எந்தத் தாள், இன்று என்ன படிக்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். முடித்ததைக் கோடு போட்டு அடியுங்கள். அந்தக் கோடு தரும் சந்தோஷம் அடுத்த வேலைக்கு இழுத்துப் போகும்.

5. போன் வேறு அறையில் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது. பாட்டியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிடுங்கள்.

6. பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும். அவர் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டி கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்தாலும் போதும். தனியாக இருக்கும்போது ஓடும் மனசு, ஆள் பக்கத்தில் இருந்தால் ஓரளவு நிற்கிறது என்பது இந்தக் குறைபாடு உள்ள பலரின் அனுபவம்.

7. நடந்துகொண்டே படியுங்கள். உட்கார்ந்தால்தான் படிப்பு என்று சட்டம் இல்லை. அஞ்சடியில் நடந்தபடி உரக்கச் சொல்லுங்கள். மாலையில் அரை மணி பந்து விளையாடிவிட்டு வந்தால் பிறகு உட்காருவதும் சுலபமாகும்.

8. தூங்குங்கள். உங்கள் வயதுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். கோப்பியைக் குடித்து விடிய விடிய விழித்தால், படித்ததையும் சேர்த்து இழப்பீர்கள்.

நம் கெடாவில் வெள்ளியும் சனியும் பள்ளி விடுமுறை. கடினமான பாடத்தை அந்த இரண்டு நாள் காலையில் வையுங்கள். அப்போது மூளையும் புதுசு, டிவியும் ஓயும். பள்ளி நாளில் பழைய பாடத்தை ஒப்புவித்தால் போதும்.

சோதனை மண்டபத்தில்

முதல் நாள் இரவே அடையாள அட்டை, சோதனைக்கான பதிவுத் தாள், பேனா இரண்டு, பென்சில், அழிப்பான் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். காலையில் தேட ஆரம்பித்தால் அங்கேயே பாதி மூளை செலவாகிவிடும்.

தாள் கைக்கு வந்ததும் நேரத்தைப் பிரியுங்கள். வரலாறு முதல் தாளில் 40 கேள்விக்கு 1 மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். தெரியாத கேள்வியில் நின்றுவிடாமல் அடையாளம் போட்டுவிட்டு நகருங்கள். எழுத்துத் தாளில் கேள்வியின் கட்டளைச் சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். 'நியாதாக்கான்' என்றால் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும், 'ஹுராய்க்கான்' என்றால் விரித்து எழுத வேண்டும். அவசரத்தில் இதைப் பார்க்காமல் எழுதித்தான் இவர்கள் தெரிந்த கேள்விக்கும் புள்ளி இழக்கிறார்கள். கடைசி ஐந்து நிமிடம் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு கேள்வி முழுக்க விட்டுப் போயிருக்கலாம்.

நெஞ்சு படபடத்தால் பேனாவைக் கீழே வையுங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக வாயால் விடுங்கள். ஐந்து முறை செய்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

பெற்றோருக்குச் சில வார்த்தை

"அடியாத மாடு படியாது" என்பது நம்மவர்கள் வாயில் எப்போதும் இருக்கும் பழமொழி. இந்தப் பிள்ளைக்கு அது உதவாது. ரப்பர் மரத்தில் கத்தி ஆழமாக இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்குப் பால் கொஞ்சம் அதிகம் வந்தாலும், காயம் பட்ட பட்டை புடைத்து முண்டாகிப் பிறகு வெட்டவே முடியாமல் போகும். அடித்து உட்கார வைத்த பிள்ளையின் கண் புத்தகத்தில் இருக்கும், மனசு அடியில் இருக்கும்.

ஒரே மூச்சில் ஐந்து வேலை சொல்லாதீர்கள். ஒன்றைச் சொல்லி, முடிந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள். புள்ளியைப் புகழ்வதற்கு முன் முயற்சியைப் புகழுங்கள். "இருபது நிமிசம் எழுந்திரிக்காம உட்கார்ந்தியே, நல்லது" என்று அந்த நேரத்திலேயே சொன்னால் அதற்குப் பலன் உண்டு. மாதக் கடைசியில் சொல்லும் பாராட்டு இவர்களுக்கு எட்டாது. அக்காளோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடுவதை இன்றோடு விடுங்கள்.

பெரட்டுக்கு இருட்டோடு புறப்படுகிற வீட்டில் காலையில் பிள்ளையை எழுப்ப ஆள் இருக்காது. தேர்வு நாட்களில் யார் எழுப்புவது, யார் பசியாறக் கொடுப்பது, யார் பள்ளிக்குக் கொண்டு விடுவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மருத்துவரிடம் போகலாமா?

போக வேண்டும். பக்கத்துக் கிளினிக் கெசிஹத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையம்) தொடங்குங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட். அங்குள்ள டாக்டர் பார்த்து, தேவைப்பட்டால் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கோ, அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கோ கடிதம் கொடுத்து அனுப்புவார். பள்ளி அறிக்கை அட்டை, வகுப்பாசிரியர் எழுதித் தந்த குறிப்பு, சிறு வயதில் பிள்ளை எப்படி இருந்தது என்ற விவரம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். கெடாவில் அரசாங்க அலுவல் ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளிக்கிழமை போய்த் திரும்பி வராதீர்கள். நிபுணரைப் பார்க்கப் பல வாரம் காத்திருக்க நேரிடலாம், ஆகவே ஐந்தாம் படிவம் வரை தள்ளிப் போடாமல் இப்போதே போங்கள்.

இந்தக் குறைபாட்டுக்கு எப்படிச் சிகிச்சை செய்வது என்பதற்கு நம் சுகாதார அமைச்சு 2008-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டு, 2020-இல் அதைப் புதுப்பித்திருக்கிறது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பயிற்சி தருவது ஒரு வழி. மருந்து மற்றொரு வழி. மெத்தில்பெனிடேட் என்ற மருந்து 1950-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. அது கவனத்தைப் பிடித்து வைக்க உதவும், ஆனால் பாடத்தைத் தலையில் ஏற்றிவிடாது. படிப்பைப் பிள்ளைதான் படிக்க வேண்டும். சிலருக்குப் பசி குறையும், தூக்கம் தள்ளும். எனவே காலையில் பசியாறியதும் கொடுப்பது வழக்கம். அளவையும் வேளையையும் டாக்டர் சொன்னபடியே வையுங்கள், நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. "சோதனைக்கு நல்லதாமே" என்று கூட்டாளி கேட்டாலும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது.

கூடுதல் நேரம் கேட்கும் உரிமை

பலருக்குத் தெரியாத செய்தி இது. சிறப்புத் தேவை உள்ள மாணவருக்குச் சோதனையில் கூடுதல் நேரம், தனி அறை போன்ற வசதிகளைத் தேர்வு வாரியம் அனுமதிக்கிறது. பள்ளி மூலமாக, மருத்துவ ஆவணத்தோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சோதனைக்கு முதல் வாரம் கேட்டால் நடக்காது. நாலாம் படிவத்திலேயே ஆலோசக ஆசிரியரைப் பார்த்துப் பேசுங்கள்.

சமூகநல இலாகா கொடுக்கும் ஓ.கே.யு. அட்டையில் 'கற்றல் சிக்கல்' என்ற பிரிவில் ஏ.டி.எச்.டி.யும் சேரும். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் இந்தப் பதிவு நடக்கிறது. இது கட்டாயமல்ல, குடும்பம் விரும்பினால் எடுக்கலாம். "அட்டை எடுத்தா பேரு கெட்டுடுமே" என்று தயங்குபவர்கள், அதனால் கிடைக்கும் உதவிகளையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யட்டும்.

இந்த அடையாளங்களை விட்டுவிடாதீர்கள்

பிள்ளை பல நாள் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால், பிடித்த விளையாட்டையும் விட்டு ஒதுங்கினால், "நான் இருந்து என்ன பயன்" என்று சொன்னால், அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப் போகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனபாரம்தான் குறையும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். களைக்கொல்லி, பூச்சி மருந்து, மாத்திரை எதையும் வீட்டில் கைக்கெட்டும்படி வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. தாலியான் காசே எண் 15999, இது 24 மணி நேரமும் இயங்கும். போலீசு கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

முடிவாக

நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸுக்குச் சிறு வயதிலேயே இந்தக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டது. அவர் ஒலிம்பிக்கில் 28 பதக்கம் வென்றார். சீருடல் வீராங்கனை சிமோன் பைல்ஸ் தமக்கு இது இருப்பதையும், சிறுமியாக இருந்தபோதிலிருந்தே மருந்து எடுத்ததையும் 2016-இல் வெளிப்படையாகச் சொன்னார். எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்கும் என்று சொல்வதற்கில்லை. தன் குறை என்ன என்று தெரிந்து, தக்க உதவியும் கிடைத்தால், தன் திறமைக்கு ஏற்ற இடத்துக்குப் போய்ச் சேரும்.

எஸ்.பி.எம். முக்கியமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் தவறினால் மறுபடி எழுத வழி இருக்கிறது. கைவேலையில் கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தொழிற்பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. உட்கார முடியாத பல பிள்ளைகள் கருவியைக் கையில் எடுத்தால் மணிக்கணக்கில் நிலைத்து நிற்பார்கள்.

தோழர்களே, இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையிடம் புள்ளியைக் கேட்காதீர்கள். "படிக்கறப்ப எது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதும், ஆசிரியரிடம் கேட்க வேண்டியதும் அந்தப் பதிலிலேயே இருக்கும்.